இழுத்துப் பார்த்த தையல்

என் வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன. ஆபரேஷன் முடிந்த மறுநாள், கோவை மருத்துவமனையின் நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, நைட்டிக்கு மேலாகவே ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். இந்த ஐந்து ஓட்டைக்குத்தானா இத்தனை பாடு? உள்ளே உண்மையிலேயே ஏதாவது செய்தார்களா, இல்லை, மயக்கம் கொடுத்து, ஓட்டை போட்டு, மூடி அனுப்புகிறார்களா?

சிரிக்காதீர்கள். என் பிழைப்பு அப்படி. திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஃபைனல் செக்கிங் பார்க்கிறவள். தைத்து வரும் பனியனை உள்பக்கம் திருப்பி, தையலைப் பார்த்து, குழந்தைகள் பனியனாக இருந்தால் கட்டுக்கு ஒன்றை எடுத்துக் கழுத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கட்டைப் பாஸ் செய்வேன். தைத்தவர் சத்தியம் செய்தாலும் கேட்க மாட்டேன். யாரையும் நம்பாதவள் என்று என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. சம்பளமே அதற்குத்தான்.

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, எப்போது பழையபடி நடமாடுவோம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளுக்காக.

நான் ஆபரேஷனுக்குப் போனது அழகுக்காக அல்ல. செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றாக வேண்டும். மதியத்துக்கு மேல் என் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது (தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதால் இப்படி ஆகும் என்றார்கள்). முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "நீங்க ஸ்டோர்ல உக்காந்துக்குங்க, நூலும் லேபிளும் எடுத்துக் குடுத்தாப் போதுமுங்க" என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். ஓரங்கட்டுகிறார் என்றுதான் என் காதில் விழுந்தது. அந்த டேபிளை விட்டால் எனக்கு வேறு பெருமை கிடையாது. மறுபடி அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கோவையில் அந்த ஆபரேஷன் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்தெடுத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பைக்குச் சாப்பாடு போகாது. வெட்டிய ஓரங்களை நுண்ணிய பின்களால் மூடுவார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை முதலில் நீர் ஆகாரம், பிறகு கூழ், பிறகுதான் மசித்த சோறு என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

கம்பெனியில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி லீவு எடுத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், தின்று கொழுத்ததைக் கரைக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று டீக்கடைவரை பேசுவார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். அதிகம் பேசாத மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் என் சந்தேகம் இன்னும் பெருத்தது. எனக்குப் பசிக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க என்னைத் துரத்திய பசி எங்கே போயிற்று? தெளிந்த ரசம், மோர், கலக்கிய புரதப் பொடி எல்லாவற்றையும் மருந்து மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எடை குறைந்தது. இப்படிக் கஞ்சித் தண்ணீர் குடித்தால் ஆபரேஷன் செய்யாதவளுக்கும்தானே குறையும் என்று மனசு கணக்குப் போட்டது. என் வீட்டுக்காரர் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். நான் ஏங்கக்கூடாது என்று அப்படிச் செய்தார். என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

இரண்டாவது வாரத்தில் அவர் அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தார். மேலே ஊத்துக்குளி நெய். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு குக்கரைத் திறந்தேன். பசியில் திறக்கவில்லை, சோதித்துப் பார்க்கத் திறந்தேன். வயிறு அவர்கள் சொன்னபடி சுருங்கியிருந்தால் சோறு இறங்காது. இறங்கினால் என்னை ஏமாற்றிவிட்டார்கள். கழுத்துத் தையலை இழுத்துப் பார்ப்பது போலத்தான், வேறொன்றுமில்லை.

முதல் வாய் இறங்கியது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது வாய் நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது. கல்லை விழுங்கியது போல ஒரு வலி. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது. வாந்தி எடுத்தும் வலி விடவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது தோள்பட்டைவரை வலி பரவியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கசிவு (இணைப்பு விட்டு உணவு வயிற்றுக்குள் சிந்துவது) வந்தால் இந்த அறிகுறிகள்தான் இருக்கும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதில் அதை மட்டும் நான் உடனே நம்பினேன்.

போன் செய்ததும் வீட்டுக்காரர் ஓடிவந்தார். குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கு ருக்கு தின்ன? டாக்டரு அத்தனை சொன்னாரல்லொ."

"உள்ள ஏதோ உட்டுப்போச்சுங்க," என்றேன். "நானேதான் இழுத்து உட்டுப்போட்டேன்."

வாடகைக் காரில் கோவைக்குப் போகும் வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. செத்துப்போவோம் என்று நினைத்தேன். பயந்து அழுதேன். பாஸான பீஸை வேண்டுமென்றே கிழித்துவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

எக்ஸ்ரே அறையில் ஒரு திரவத்தைக் குடிக்கச் சொன்னார்கள் (அது போகும் பாதை திரையில் தெரியும், கசிவு இருந்தால் வெளியே சிந்துவதும் தெரியும்). ஆபரேஷனுக்கு மறுநாளும் இதைச் செய்தார்கள். அப்போது திரை என் பக்கம் திரும்பியிருக்கவில்லை. உயிர் போகிற அந்த நேரத்திலும் எனக்கு அது மறக்கவில்லை.

"திரையை இந்தப் பக்கம் திருப்புங்க டாக்டர். நான் பாக்கோணும்."

அவர் திருப்பினார். ஒரு மெல்லிய கோடு இறங்கி, சின்ன முடிச்சு போன்ற ஒரு பையில் கொஞ்சம் தேங்கி, அதன் அடியிலிருந்து மெதுவாக ஒழுகிக் குடலுக்குப் போனது. கோழி முட்டை அளவுகூட இல்லை அந்தப் பை.

"கசிவு இல்லம்மா. சோறு போய் அடைச்சிருந்திருக்கு, இப்ப இறங்கிடுச்சு. உங்களுக்கு நல்ல நேரம்," என்றார் டாக்டர்.

"இது என்னுதுதானுங்களா?"

அந்தச் சின்ன வயது டாக்டர் என் பக்கம் திரும்பினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இன்னொரு வாய் குடிங்க. குடிச்சுட்டே திரையப் பாருங்க," என்றார்.

குடித்தேன். தொண்டையில் குளிர்ந்தது. அதே நொடியில் திரையில் கோடு அசைந்தது. என் உடம்பின் உள்பக்கத்தை நான் பார்த்தது அன்றுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் இழுத்துச் சோதித்த பனியனை நாங்கள் பெட்டியில் போடுவதில்லை. நூல் தளர்ந்திருக்கும், அதைத் தனியே வைத்துவிட்டு வேறு பீஸை எடுத்துக்கொள்வோம். எனக்கு வேறு பீஸ் இல்லை. இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

திரும்பவும் நீர் ஆகாரத்திலிருந்து ஆரம்பித்தேன். சில வாரங்களில் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். என் உடம்பு அதற்கு ஒப்பவில்லை. துணி காயப்போட்டால் உட்கார வேண்டும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, சத்துக் குறைவதால் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஆறுவதற்கு ஆகும் நாளும் தெம்பு வருவதற்கு ஆகும் நாளும் வேறு வேறு என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அத்தனை பயந்திருக்க மாட்டேன்.

ஒருவழியாகக் கம்பெனிக்குப் போனபோது முதலில் ஸ்டோரில்தான் உட்கார்ந்தேன். பிறகு காலையில் கொஞ்ச நேரம் டேபிள், மதியம் ஸ்டோர். முழங்கால் தாங்கியது. ஆனால் என் பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கவில்லை. மாதா மாதம் சுருங்கிக்கொண்டே வருகிறவளைப் பார்த்தால் திருப்பூரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஒட்டிக்கொள்ளும் சீக்கு என்றுதான். நான் தண்ணீர் குடிக்கும் டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. நான் வந்தால் பேச்சு நின்றது. ஊரையே சந்தேகிக்கிறவளை ஊர் சந்தேகித்தது. நியாயம்தான், ஆனாலும் வலித்தது.

பஞ்சவர்ணம் மட்டும் நேராகக் கேட்டாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். என் பக்கத்திலேயே நின்று செக்கிங் பார்ப்பவள்.

"என்ன சீக்குக்கா ஒங்களுக்கு? மறைக்காமச் சொல்லுங்க. இங்க என்னென்னமோ பேசுறாளுக."

பெண்கள் துணி மாற்றும் இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சேலையை விலக்கி ஐந்து தழும்பையும் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் குனிந்து, பனியனில் ஊசி ஓட்டை பார்ப்பது போல, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப உசுருக்கு ஒண்ணுமில்லைலக்கா?"

"இல்லை."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. சிரித்தார்கள். டம்ளர் பழைய இடத்துக்கு வந்தது.

முழுநாளும் டேபிளில் நிற்க ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் குழந்தைகள் பனியன் ஆர்டர். கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது வயிற்றின் மேல்பக்கம் ஏதோ சுரண்டியது. கையை நிறுத்திவிட்டேன். வாயுவா? புண்ணா? தோள்பட்டை வலிக்கிறதா? இல்லை. நெஞ்சு அடிக்கிறதா? இல்லை. பிறகுதான் பிடிபட்டது. அது பசி.

"பசிக்குது பஞ்சவர்ணம்," என்றேன்.

"மணியடிக்கப் போகுதுக்கா, வாங்க," என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. இந்தப் பசியை எனக்குத் தெரியும். கேட்கக் கேட்க நான் போட்டதில், கடைசியில் என்னை ஸ்டோரில் உட்கார வைத்தது இதுதான். இப்போது என்ன வேண்டும் என்று வந்திருக்கிறது?

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் குழைய வைத்துக் கொடுத்த அரிசிம்பருப்பு. ஒரு ஸ்பூன் எடுத்து, கூழாகும்வரை மென்று, விழுங்கிக் காத்திருந்தேன். முன்பெல்லாம் நான்தான் முதலில் கை கழுவுவேன். இப்போது மற்றவர்கள் கழுவிவிட்டு வந்து என்னைச் சுற்றிக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் எவ்வளவு நீளமானது என்பதே எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.

பெட்டியில் பாதி மீதி இருக்கும்போது உள்ளேயிருந்து ஒன்று வந்தது. வலியில்லை, அடைப்பில்லை. போதும் என்பதுபோல ஏதோ. பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை நான் உணர்ந்ததில்லை. வழக்கம்போலச் சந்தேகப்பட்டேன். நிஜமாகவே போதுமா? இன்னும் ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்பூன் கையில்தான் இருந்தது.

வேலைக்குத் திரும்பும் மணி அடித்தது. நான் பெட்டியை மூடி வைத்துவிட்டு டேபிளுக்குப் போனேன்.