நூற்றைத் தாண்டிய பாறை

என் மனைவி பாறையில் பாசி எண்ணுகிறவள். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள், இரண்டே வருடத்தில் கடற்பாசிக் கணக்கு எடுக்கிறவளாகிவிட்டாள். அந்தக் கணக்குக்கு இது பத்தொன்பதாவது வருடம்.

நான் தையல்காரன். மாதத்தில் இரண்டு நாள், கடல் நன்றாக வற்றும் காலையில், கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போவேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருப்பாள். பெரிய அலை வந்தால் கத்துவது என் வேலை. சம்பளம் கிடையாது. 'அலைக்காரர்' என்ற பட்டம் மட்டும் கிடைத்தது.

பாறையில் அடித்த பித்தளை ஆணிகளில் இரும்புச் சட்டத்தைப் பொருத்துவாள். உள்ளே நூல் கட்டி நூறு கட்டம். எத்தனை கட்டத்தில் பாசி இருக்கிறதோ அத்தனை குறித்துக்கொள்வாள். இப்படிப் பன்னிரண்டு இடம், எல்லாமே அலை மோதும் பக்கம். மறுபக்கத்தில் நத்தைகள் மேய்ந்து பாறையை மொட்டையாக்கிவிடும். அலைப்பக்கம் நத்தைக்குக் கால் நிற்காது, பாசிக்கு அங்கேதான் கொண்டாட்டம்.

மூன்று மாதத்துக்கு முன் நிலையத்துக்குப் புது அதிகாரி வந்தார். மீன் படித்தவர். பழைய பதிவேடுகளைப் புரட்டியவர் இவளைக் கூப்பிட்டார்.

"கட்டம் நூறுதானேம்மா? கூட்டினா நூத்தி முப்பது, நூத்தி நாப்பதுன்னு வருது. வீட்டுல உக்காந்து எழுதினீங்களா?"

இவள் வாயைத் திறக்கும் முன் ஒரு கடிதத்தை நீட்டினார். கண்மதிப்பில் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், பத்தொன்பது வருடக் கணக்கு மட்டும் குப்பைக்குப் போகும். போடாவிட்டால் விசாரணை.

சாயங்காலம் அந்தக் கடிதத்தை என் தையல் மெஷின் மேல் வைத்தாள். படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உனக்கு எண்ணக் கத்துக்குடுத்த பழைய மேடத்துக்கு ஒரு போன் போடு. அவங்க சொன்னா வாயை மூடிக்குவாரு."

"அவங்க எதுக்குங்க? கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேணுமா? பாறை அங்கேதான் இருக்கு. அவரே வந்து எண்ணட்டும்."

மறுநாள் அதையே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். வந்தார். அடுத்த முறை கடல் வற்றிய காலையில், பளபளக்கும் தோல் செருப்போடு வந்தார். பாசியில் இரண்டு முறை வழுக்கியதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதல் இடத்தில் இவள் சட்டத்தைப் பொருத்தினாள். மேலே தோல் வார் போன்ற பழுப்புப் பாசி படர்ந்து கிடந்தது. குனிந்து எண்ணினார்.

"எண்பத்தி மூணு. மிச்சம் வெறும் பாறை. இதுல நூத்துக்கு மேல எங்கேர்ந்து வரும்?"

"இருங்க சார், இன்னும் முடியல." வார்களை இரண்டு கையாலும் அள்ளி மேலே தூக்கிப் பிடித்தாள். அடியில் விரல் நீளத்துக்குச் சிவப்புப் பாசி, கொத்துக் கொத்தாக. "இதையும் எண்ணுங்க."

அவர் சிறு கத்தியை எடுத்து வார்களை வெட்டப் போனார். இவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதிகாரியின் கையை!

"வெட்டிட்டா அடுத்த மாசம் எதை சார் எண்ணுறது?"

கத்தி பைக்குள் போனது. எண்ணினார். நாற்பத்திரண்டு. பிறகு இவள் சிவப்புக் கொத்துகளை விலக்கிக் காட்டினாள். பெயின்ட் அடித்ததுபோல் ரோஸ் நிறம்.

"இது கல்லோட நிறம்தானே?"

"கல்லுக்கு ஏது சார் ரோஸ் கலர்? நகத்தால லேசாச் சுரண்டிப் பாருங்க. இதுவும் பாசிதான். மேல இருக்கிறது ஈரம் காயாம மூடிக்குது, இது கீழே கல்லோட ஒட்டிக்கிட்டுப் பொழைக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி நின்று, "சார், கோட்டுக்கு உள்ளே லைனிங் வெச்சா, ஆள் ஒண்ணு, துணி ரெண்டு! அது மாதிரிதான்!" என்று கத்தினேன்.

கத்த வேண்டியதை மறந்துவிட்டேன். அலை வந்து எங்கள் மூவரையும் அறைந்தது. இவள் சட்டத்தை அழுத்தியபடி அசையாமல் இருந்தாள். அதிகாரி அதே பழுப்பு வார்களைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கினார். ஒரு வார்கூடப் பிய்ந்து வரவில்லை. செருப்பு மட்டும் கடலோடு போனது.

"உங்க வேலை கடலைப் பார்க்குறது! அதை முதல்ல பாருங்க!" என்று இவள் என்னைக் காய்ச்சி எடுத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரோஸ் நிறத்தையும் எண்ணினார். இருபத்திரண்டு. மூன்றையும் கூட்டினார். நம்பாமல் மறுபடி கூட்டினார். நூற்று நாற்பத்தேழு. அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறும் வரை ஏழு இடம் எண்ணினார். ஒன்றுகூட நூற்றுக்குக் குறையவில்லை.

அலுவலகத்தில் பதிவேட்டை விரித்தார். 'எண்ணியவர்' என்ற இடத்தில் இத்தனை வருடமும் அதிகாரிகளின் கையெழுத்துதான். இவளைப் போன்ற உதவியாளருக்கு அங்கே இடமில்லை. அவர் பேனாவை இவள் பக்கம் தள்ளினார்.

"இதுல நீங்க போடணும்மா. நான் கேட்டது தப்பு."

இவள் ஈரக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள். பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் கல்யாணப் பதிவேட்டில்கூட அவள் இவ்வளவு நிதானமாகக் கையெழுத்துப் போட்டதில்லை.