மச்சானின் ஹர்லிங் விதி: கில்கெனியிலிருந்து லாச்சப்பலுக்கு

சென்ற ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாள் பாரிஸ் போய் வந்தேன். ஒரு காரணம், ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேர். மற்றக் காரணம் என் மாமி மகன் ரமணன். "வரேக்கை உன்ரை மட்டையையும் கொண்டு வா மச்சான்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான். மட்டை என்றால் ஹர்லிங் மட்டை. நான் பதினோரு வருடமாக அயர்லாந்தில், கில்கெனிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். அங்கே ஹர்லிங்தான் எல்லாம். பாவம், ஆசைப்படுகிறான், கொஞ்சம் பழக்கிவிட்டு வருவோம் என்று பெரிய மனதோடு கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்கு: பக்கத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மர மட்டை, கைக்குள் அடங்கும் தோல் பந்து. கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலால் அடித்தால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் அடித்தால் மூன்று. வேகத்தைப் பார்த்தால் கிரிக்கெட் தூக்கம் வரும் விளையாட்டாகத் தோன்றும்.

கில்கெனியிலிருந்து டப்ளின் விமான நிலையத்துக்கு பஸ் இரண்டே கால் மணி நேரம், இருபது யூரோ. மட்டையை விமானத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் வாசலில் நின்று வாதாடித் தோற்று, முப்பது யூரோ கட்டி அதைப் பொதியாக அனுப்பினேன். நீங்கள் முதலிலேயே பதிந்துவிடுங்கள். பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி. பாரிஸில் இறங்கி RER B ரயிலில் பதின்மூன்று யூரோவுக்கு கார் து நோர் நிலையம். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பத்து நிமிட நடை.

அந்தப் பத்து நிமிடத்திலேயே எனக்கு எரியத் தொடங்கிவிட்டது. முருங்கைக்காய் கட்டுக் கட்டாகத் தெருவில் கிடக்கிறது. சலூன் பலகை தமிழில். சூடான மட்டன் ரோல்ஸை எந்த நேரமும் வாங்கலாம். எங்கள் ஊரில் ஒரு முருங்கைக்காய்க்கு டப்ளினுக்கு ஓட வேண்டும். இவ்வளவும் இவர்களுக்குக் காலடியில். சரி, இவர்களிடம் ஹர்லிங் இல்லைத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரமணன் மார்க்ஸ் டோர்மோயில் சின்ன வாடகை வீட்டில் இருக்கிறான், வேலை ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடைக் கிடங்கில். கதவைத் திறந்தவன் என் மட்டையைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளம் பார்த்தான். "உனக்கு இது ஒரு அங்குலம் கூட, மச்சான்." எனக்கு எப்படியோ இருந்தது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாரிஸில் வேலை செய்யும் ஐரிஷ்காரர் நடத்தும் ஹர்லிங் கழகத்தில் அவன் இரண்டு வருடமாக இருக்கிறானாம். கோட்டோரம் கொடியோடு நிற்கும் நடுவர் அவன்தானாம்.

மறுநாள் சனிக்கிழமை என்னையும் திடலுக்குக் கூட்டிப் போனான். அன்றைய ஆட்டம் ஒரு புது விதிக்கான சோதனை. ஹர்லிங்கில் பந்தைக் கையால் எறியக் கூடாது, தட்டித்தான் கொடுக்க வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் ஒருவன் தட்டினானா எறிந்தானா என்று நடுவருக்கே தெரிவதில்லை. இதை என்ன செய்வது என்று அயர்லாந்தில் ஒரே சண்டை. பந்தை ஏந்திய கையால் தட்டாமல் மற்றக் கையால்தான் தட்ட வேண்டும் என்று ஒரு யோசனை உண்டு. அப்படிச் செய்தால் ஆட்டம் படுத்துவிடும் என்கிறார்கள் மற்றவர்கள்.

ரமணன் இதற்கு மூன்றாவது வழி ஒன்று சொல்லியிருக்கிறான். எனக்குத் தமிழில் விளக்கினான்: "கையை மாத்தத் தேவையில்லை. வொலிபோல்லை சேர்விஸ் போடேக்கை பந்து கையை விட்டு எழும்பின பிறகுதானே அடிக்கிறம்? அதே விதிதான். அதுவும் பக்கத்திலை நிக்கிறவனுக்குத்தான் வடிவாத் தெரியும். கோட்டிலை நிக்கிறவனுக்குக் கொடி காட்டுற உரிமையைக் குடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது."

யாழ்ப்பாணத்தில் அவன் ஆடிய வொலிபோல் அணியில் நானும் ஆடியவன். அவனுக்கு சேர்விஸ் பழக்கியதே நான். இந்த விதி என் மண்டைக்குள்ளும் கிடந்தது. பதினோரு வருடம் கில்கெனி மழையில் நின்று பார்த்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

ஆட்டத்தில் நான் மூன்று முறை பந்தைக் கையால் கொடுத்தேன். மூன்று முறையும் கொடி உயர்ந்தது. மூன்றாம் தரம், "மச்சான், எறியிறாய்!" என்று கத்தினான். ஐரிஷ்காரர் எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனைச் சுற்றி நின்று, கொடியை எந்த நொடியில் உயர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். கழகத் தலைவர் என் பக்கம் திரும்பி, இந்த யோசனையை அயர்லாந்துக்கு அனுப்பப் போவதாகப் பெருமையோடு சொன்னார். எங்கள் ஊர்க் கழகத்திலும் என்னிடம் கேள்வி கேட்பார்கள். இந்த முறை எத்தனை ரோல்ஸ் செய்து தருவீர்கள் என்று. அன்று இரவு ரமணன் சமைத்த நண்டுக் குழம்பு நன்றாக இருந்தது. அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிறு தேர். காலை ஒன்பதுக்கு முன்னமே போய் இடம் பிடியுங்கள். பக்கத்துத் தெருக்களிலும் தேர் வரும், வழியெல்லாம் குவித்து வைத்த தேங்காய்களை உடைப்பார்கள், சப்பாத்து நனையும். தேர் எங்களைக் கடந்த பிறகு ரமணன் சொன்னான்: "குளிர் காலத்திலை அயர்லாந்திலை இந்த விதியைப் பற்றிக் கூட்டமாம். ஆராவது எழும்பி விளங்கப்படுத்தோணும். நீ கதைக்கிறியே?"

"உன்ரை யோசனை. நீயே வந்து கதையன்."

"எனக்கு விசா தர மாட்டினமாம். ரெண்டு தரம் போட்டுப் பாத்திட்டன். என்னட்டை இருக்கிறது அகதிப் பயணப் புத்தகம்தானே. ஜேர்மனிக்குப் போகலாம், இத்தாலிக்குப் போகலாம். அங்கை ஏலாது."

ரமணன் குனிந்து சப்பாத்தில் ஒட்டியிருந்த தேங்காய்த் துண்டைத் தட்டிவிட்டான்.

"மழையிலை நிண்டு மச் பாக்கிறன் எண்டு நீ படம் அனுப்புவாய். எனக்கு எரியும், மச்சான். ரெண்டு நாளைக்குத் திறந்தே பாக்கிறேல்லை. நான் உந்த விளையாட்டை ஒரு நாளும் அங்கை வந்து பாத்ததில்லை."

"ஓம், நான் கதைக்கிறன்" என்றேன்.

போகிறவர்களுக்கு: தேருக்காக என்றால் வெள்ளிக்கிழமையே போய்ச் சேருங்கள். மெட்ரோ ஒரு தரம் இரண்டரை யூரோ. லாச்சப்பல் கடைகளில் காய்கறியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். உங்கள் சொந்தக்காரர் அகதிப் புத்தகத்தில் இருந்தால் "ஒருக்கா எங்கடை பக்கமும் வாங்கோ" என்று சும்மா சொல்லாதீர்கள், முதலில் விசா விதியைப் பாருங்கள். நான் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து டப்ளினில் கில்கெனி பஸ்ஸுக்கு நின்றபோது, சாரதி என் மட்டையை வாங்கிப் பொதிப் பெட்டிக்குள் வைக்கப் போனவர், நின்று என்னைப் பார்த்தார்.

"இந்தக் கையால் தட்டும் விதியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் ஹர்லிங் பற்றிக் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. கை, பந்து, கோட்டோரக் கொடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நல்லாயிருக்கிறதே. நீங்கள் யோசித்ததா?"

ஓம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை. என் மச்சான் யோசித்தது. பாரிஸில் இருக்கிறான்." சொல்லும்போதும் எனக்கு எரிந்தது.

"அப்படியென்றால் அடுத்த ஆட்டத்துக்கு அவரை இங்கே கூட்டி வாருங்கள்" என்றார் சாரதி, பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டே. "என்ன, ஒரு பஸ் டிக்கெட்தானே."