பிசிக்ஸ் என்று ஒட்டிய புத்தகம்

பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் மகளின் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். பிரவுன் தாளின் மணம் என்னை ராசிபுரத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

நான் வரலாறு குரூப் எடுத்த வருஷம் அது. மார்க் கம்மியோ என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்களே என அம்மாவுக்குக் கவலை. வரலாற்றுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு 'பிசிக்ஸ்' என்று லேபிள் ஒட்டிவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது.

லாரி ஓட்டும் பெரியப்பா வந்தார். அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர், கப்பலில் வெள்ளைக்காரன் வந்த கதையில் மூழ்கிக் காபியை ஆறவிட்டார்.

"ஏனம்மிணி, பிசிக்ஸு இத்தன நல்லா இருக்குது! எங்க பையன் எதுக்கு இதுக்குப் போயி அழுவறான்?"

அம்மா சமையலறைக்குள் ஓடினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"லேபிள்ல என்னம்மா எழுதட்டும்?" என்கிறாள் மகள். அவளும் வரலாறு குரூப்தான்.

"வரலாறுன்னு பெருசா எழுது சாமி. லாரி ஓட்டுன பெரிய தாத்தா நாளைக்கு வாராரு. வந்ததும் அதத்தான் தேடுவாரு."