நாலரை அடி ஆழம்

காலை 7.20. பிப்ரவரி மாதம், 1996. காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குள் நுழைவதற்கே பதினோரு நிமிடம் ஆயிற்று. டெலிபோன் கேபிள் பதிக்க நடைபாதை நெடுகக் குழி தோண்டி, மண்ணைக் கடை வாசல்களில் குவித்திருந்தார்கள். குறுக்கே போட்டிருந்த பலகைகள் நான்கு. அவற்றில் ஆடாதது ஒன்றே ஒன்று. குழி மூன்றடி இருக்குமா என்று நின்று பார்த்தேன்.

"ஏனுங்க பெரியவரே, பலகை மேல நின்னு வேடிக்கை பாக்கறீங்க? பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க பாருங்க" என்றாள் பூக்காரி.

எட்டுப் பேர் நின்றார்கள். நகர்ந்தேன்.

நான் கிளம்பியது ஒரு மனிதரை அழைத்து வருவதற்காக. ஆரோக்கியசாமிக்கும் எனக்கும் ஒரே வயது, எழுபத்து நான்கு. போரின்போது சாலை போடும் படைப்பிரிவு ஒன்றில் அவர் மண்வெட்டி பிடித்தார், நான் கணக்கெழுதும் ரைட்டர். இப்போது காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கரில் தனியாக இருக்கிறார். சென்ற மாதம் மூன்று தடவை யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அவர் மகள் ஸ்டெல்லா துடியலூரில் வீடு கட்டத் தொடங்குகிறாள். மறுநாள் காலை பாதிரியார் வந்து ஜெபம் செய்து முதல் கல் வைக்கிறார். தகப்பன் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

8.15. துடியலூர். டிக்கெட் இரண்டு ரூபாய். கவுண்டம்பாளையத்திலும் சாலையோரம் குடிநீர்க் குழாய்க்காக வெட்டிப் போட்டிருந்ததால் ஒன்பது நிமிடத் தாமதம். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் பள்ளம் எடுத்திருந்தார்கள். சட்டைப்பையில் எப்போதும் டேப் வைத்திருக்கிறேன். அளந்தேன். அகலம் இரண்டரை அடி, ஆழமும் இரண்டரை.

"மாமா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு" என்றாள் ஸ்டெல்லா. "ராத்திரி யானை வந்து ஊட்டுச் சுவத்துல ஒரசிட்டு நின்னுச்சாம். அதையச் சிரிச்சுக்கிட்டே சொல்றாருங்க. எனக்குத் தூக்கமே போயிருச்சு."

"கூட்டிட்டு வாரேன் கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்த மனிதர் யார் சொல்லியும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

9.40. காரமடை. தோலம்பாளையம் பேருந்துக்கு முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, இரண்டு இட்லியும் அரைக் காபியும் சாப்பிட்டேன். காபியில் சர்க்கரை அதிகம். பேருந்தை விட்டு இறங்கியபோது மணி 10.55. அங்கிருந்து ஒரு மைல் நடை. இருபுறமும் வாழை. வாழைக்கு நடுவே தண்ணீர் போவதற்கு வெட்டிய நேர்நேரான வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஈரமண்ணின் வாசனை வந்ததும் போரின்போது நாங்கள் இருந்த மணிப்பூர் மலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஐம்பத்திரண்டு வருடம் கழித்தும் அப்படித்தான்.

11.30. வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. பின்பக்கம் போனேன். தரைக்கு மேலே ஒரு தலையும் இரண்டு தோளும் மட்டும் தெரிந்தன.

"ஏனுங்க ரைட்டரே, வாங்க" என்றது தலை. "சோறு தின்னீங்களா?"

வீட்டைச் சுற்றி அகழி வெட்டுகிறாராம். முப்பத்தாறடி நீளம் முடித்திருந்தார். அகலம் இரண்டடிதான். நாங்கள் போரில் பதுங்கு குழிக்கு வைத்த அதே அளவு. அவர் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஆரோக்கியம், இது குண்டுக்கு வெட்டற குழி. யானை இதையத் தாண்டறதுக்குக் கால்கூட எட்டிப் போட வேண்டியதில்லைங்க. அதுக்கு வெட்டறது ஒம்பதடி அகலமுங்க."

"தாண்டட்டும். ஒரு நிமிசம் நின்னு யோசிக்குமில்லீங்க? அது போதும். ஆழம் நாலரை, சுத்தமா இருக்குது."

"நாலேகாலுதான்."

"நாலரை!"

மேலே நின்று அளந்தால் சரியாக வராது. டேப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் தோளைப் பற்றி, சறுக்கி உள்ளே இறங்கினேன். நாலடி ஐந்து அங்குலம். இருவர் சொன்னதும் தப்பு. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, ஏறுவதற்குப் படி எங்கே என்று தேடினேன். பதுங்கு குழிக்கு ஒரு கோடியில் படி வெட்டுவது வழக்கம். முப்பத்தாறடியும் பார்த்தாயிற்று, படி இல்லை.

"படி எங்கீங்க?"

"வெட்டலீங்க. எனக்குப் படின்னா யானைக்கும் படிதானுங்களே?"

"அப்ப தெனமும் எப்படி ஏறறீங்க?"

"ஒரு மணிக்குப் பழனிச்சாமி பால் கேனோட இந்தப் பக்கம் வருவான். கையக் குடுப்பான்."

"வராத அன்னிக்கு?"

"இதுவரைக்கும் வந்துட்டானுங்க."

என் முழங்கால்களைக் கொண்டு ஒரு முறை முயன்றேன். அவர் என் இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். இரண்டு பேரும் மண்ணோடு உட்கார்ந்துவிட்டோம். மணி 11.48. சரி, ஒரு படியாவது வெட்டுங்கள் என்றால் மண்வெட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

எதிரெதிரே உட்கார்ந்தால் அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. 1944இலும் இப்படித்தான் இடிக்கும். விமானச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து விழுவோம். பயத்தில் நான் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணத் தொடங்குவேன். நாற்பது வரை எண்ணி, உயிரோடிருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அவருக்கு அப்போது நாற்பது வரை எண்ணத் தெரியாது. அந்தக் குழியில்தான் கற்றுக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே சொல்லி வருவார். முப்பத்தேழில் எப்போதும் தடுமாறுவார். அதை நினைத்து அங்கே உட்கார்ந்தபடி இருவரும் சிரித்தோம். மேலே நீலமாக நீண்டு தெரிந்த வானம்கூட அதே இரண்டடி அகலம்தான்.

பிறகு நான் வந்த காரியத்தைத் தொடங்கினேன். யானையைச் சொன்னேன். "அது பாட்டுக்கு வருது, போகுது" என்றார். மூட்டுவலியைச் சொன்னேன். "உங்களுக்கு மட்டும் என்ன, குதிச்சா ஏறிப்போட்டீங்க?" என்றார். ஸ்டெல்லா தூங்குவதில்லை என்றேன். அதற்கு ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார்.

"எம்பட அப்பன் ஆயுசுக்கும் அடுத்தவன் தோட்டத்துல குழி வெட்டுனாருங்க. நான் வெட்டறது என் மண்ணு. அங்க போயி என்ன பண்றது? நாற்காலி போட்டு உக்காத்தி வெப்பாங்க. டீவி பாக்கணும். பேரனுக்குப் பரீட்சைன்னா இருமக்கூடாது. எனக்கு அங்க என்ன வேலை, சொல்லுங்க."

நானும் அப்படியொரு நாற்காலியிலிருந்து எழுந்துதான் வந்திருந்தேன். பேச்சை மாற்றுவதற்காக, "கடைக்காலுக்குப் பள்ளம் எடுத்துட்டாங்க. இதையவிட அரையடி அகலம் சாஸ்தி" என்றேன்.

"ஆழம்?"

"ரெண்டரை."

"என்ன மண்ணு?"

"கரிசல்."

எழுந்து நின்றுவிட்டார். "கரிசமண்ணுல ரெண்டரையா! ஒரு மழைக்கு ஊதும், ஒரு வெயிலுக்கு வெடிக்கும். சுவரு ரெண்டாப் பொளக்குமுங்க! எந்த மேஸ்திரி அவன்? நிறுத்தச் சொல்லுங்க!"

"இங்கிருந்து சத்தம் போட்டாக் கேக்குமுங்களா?"

"எத்தனை மணிக்குங்க பஸ்ஸு?"

"ரெண்டு நாப்பது."

"பழனிச்சாமி!" என்று மலையைப் பார்த்துக் கத்தினார். மணி 12.20 தான். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து நிமிடம் அவர் உட்காரவே இல்லை.

1.05. தலைக்கு மேலே சைக்கிள் மணி கேட்டது. கேன்களை இறக்காமலே பழனிச்சாமி எட்டிப் பார்த்தான்.

"அட, இன்னிக்கு ரெண்டு பேருங்களா! எதுக்குங்க அதுக்குள்ள குழிக்குள்ள எறங்கிட்டீங்க? இன்னும் நாளிருக்குதில்லீங்க?"

"நாளிருக்குது, நேரந்தான் இல்லை. கையக் குடுடா" என்றார் ஆரோக்கியசாமி.

முதலில் என்னைத் தூக்கினான். சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று.

அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். கல் வைப்பதைப் பார்த்துவிட்டு நாளை மறுநாள் வந்துவிடுவேன் என்று பழனிச்சாமியிடம் சொன்னார். ஆனால் பூட்டிய சாவியை அவனிடம் கொடுத்தார். வாழைத்தார் முற்றியிருக்கிறது, வெட்டி எடுத்துக்கொள் என்றார். பழனிச்சாமி என்னைப் பார்த்தான். நான் வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5.05. துடியலூர். ஸ்டெல்லா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு நேராகப் பள்ளத்துக்குப் போய், விளிம்பில் உட்கார்ந்து உள்ளே இறங்கினார். இரண்டரை அடிதான், சிரமமில்லை.

"மேஸ்திரி, உங்களுக்கு எந்த ஊருங்க? கரிசலே பாத்ததில்லீங்களா?"

"ஐயா, எல்லாரும் இவ்வளவுதானுங்க எடுக்கறாங்க. நாலடி, அஞ்சடின்னா கல்லு எத்தனை லோடு உளுங்கும் தெரியுங்களா?"

"நாளைக்குக் கல்லு வெக்கற மூலைய மட்டும் இன்னிக்கு எடுத்துப்போடலாம். மண்வெட்டியக் குடுங்க."

"குடுக்காதீங்க" என்றாள் ஸ்டெல்லா. பிறகு என்ன நினைத்தாளோ, "அப்பா சொல்றபடியே எடுங்க. தெனமும் அவர் நின்னு பாத்துக்குவாரு" என்றாள்.

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "தெனமுமா?"

"வேற யாருக்குப்பா தெரியும்?"

அவர் பள்ளத்தின் பக்கவாட்டுச் சுவரை விரலால் கீறி மண்ணை உதிர்த்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் யார் ரூமு, அம்மணி?" என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கும்போது நான் விடைபெற்றுக்கொண்டேன்.

6.10. திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. மண்ணை மிதிக்க வேண்டுமென்றால் முப்பத்தாறு படி இறங்க வேண்டும். அங்கிருந்து ஆரோக்கியசாமி இருந்த இடம் நாற்பது கிலோமீட்டர், மூன்று பேருந்து, ஒரு மைல் நடை. இனிமேல் பத்தே கிலோமீட்டர், ஒரே பேருந்து. மாதம் இரண்டு தடவை போகலாம். சென்றால் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள், ஸ்டெல்லா காபி கொண்டு வருவாள், இருவரும் சுவரோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால் மலையடிவாரத்தில் அந்தக் குழியின் ஓரம் சரிந்து தூர்ந்துவிடும். என் வயதுக்காரர் ஒருவரோடு முழங்கால் இடிக்க உட்கார எனக்கு அப்புறம் இடம் கிடையாது.