தெசாங்காவின் ஊமைப் பிக்கப்

வாசலில் வேன் நின்று மூன்று முறை ஹாரன் அடித்தபோது தெசாங்கா ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. சுழலும் தூரிகையில் கடைவாய்ப் பல்லைக் காட்டினார், விளக்கில் தூக்கிப் பார்த்தார், மறுபடி காட்டினார். அன்று ஆகஸ்ட் இரண்டாம் தேதி, இடிக்கு அதிபதியான புனித இலியாவின் நாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் வேலையைத் தொடமாட்டார்கள், தொட்டால் தலையில் இடி விழும் என்று பயம். தெசாங்காவுக்கு அந்தப் பயம் கிடையாது. "இலியாவுக்குப் பல்லு வலிச்சாலும் என்கிட்டதான் வரணும்" என்பார்.

ஸ்ரெத்தென் வேனிலிருந்து இறங்கி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். மிலுட்டினின் கல்யாண இசைக்குழுவில் பதினெட்டு வருடம் அக்கார்டியன் வாசித்தவர். ஆஸ்திரியாவுக்கு, லின்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டப் போய்க்கொண்டிருந்தார்.

"கிளம்புறேன் தேஸா. கவலைப்படாதே. நீ பாட்டுக்குப் பின்னாடி கித்தார்ல கோர்டு போட்டுக்கிட்டே இரு. முன்னாடி வாசிக்க எவனாவது வருவான்."

"பார்த்து ஓட்டு. அங்கெல்லாம் சிவப்பு விளக்கு எரிஞ்சா நிக்கணுமாம்."

வேன் போனது. தெசாங்கா பல்செட்டை மேசையில் வைத்தார். "எவனாவதாமே" என்றார் அதனிடம்.

ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. ஸாயெச்சார் நகரத்துப் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல்செட் செய்வது வாரநாள் தொழில். சனிக்கிழமைகளில் கல்யாணப் பந்தல்களில் எலெக்ட்ரிக் கித்தார். இந்த இரண்டையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. கித்தார் மீட்டும் வில்லையை ஈறு செய்யும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துக்கொள்வார். அதே ஈறு நிறம்தான். மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து, "அந்த மூணாவது மேசையில சிரிக்கிறது என் பல்லு", "கேக் வெட்டுறவரு கீழ்வரிசை என்னுது, இன்னும் பழகல, பாரு எப்படி மெல்றாருன்னு" என்று ஆள்களை அடையாளம் சொல்வார். பெயர்கள் அவர் மனதில் தங்குவதில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், அவரைச் சித்தி என்று கூப்பிடுவேன். ஆறு ஆண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த ஜூலையில்தான் திரும்பியிருந்தேன். எனக்கு ஒரு பழைய கார் இருந்தது, அவருக்கு ஓட்டத் தெரியாது. அதனால்தான் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது.

அவருடைய கித்தார் செக் நாட்டில் செய்தது. சிவப்பு. தோள்வாருக்குப் பதில் பழைய காரின் சீட் பெல்ட். அதில் இரண்டு பிக்கப்கள். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். மேலே தந்தி அதிர்ந்தால் இது அதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் ஒலி உருண்டையானது, பின்னணிக்குப் பொருந்தும். தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்குத்தான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும் குரல் உண்டு. முன்னால் நின்று மெட்டை வாசிக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

தெசாங்காவின் பிரிட்ஜ் பிக்கப் ஊமை. வியர்வை இறங்கிக் கம்பி பச்சை பூத்து அறுந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோதெல்லாம் குழுவின் தலைவரும் பாடகருமான மிலுட்டின் ஒரே பதில் சொன்னார்: "அக்கார்டியன் இருக்கையில உனக்கு அது எதுக்கு?" கோடைதோறும் கித்தாருக்கென்றே திருவிழா எடுக்கும் ஊர் இது. ஒரு வாரம் ஊரே அதிரும். அந்த ஊரில் ஒரு கித்தார் கலைஞரைப் பார்த்து, உன் கித்தாரில் பாதி உனக்கு எதுக்கு என்று கேட்க முடிந்திருக்கிறது. பதினெட்டு வருடம் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்ரெத்தென் கிளம்பிப் போன அதே வாரம் ஒத்திகையில் பேச்சு வெடித்தது. அக்டோபர் முதல் சனிக்கிழமை பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய கல்யாணம். கிடைத்த அக்கார்டியன்காரர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு வேறு கல்யாணம். மிலுட்டின் ஒரு கீபோர்டு வாங்கிவிட்டார். அதில் அக்கார்டியன் ஒலி பொத்தானில் வரும்.

"மெட்டை நான் வாசிக்கிறேன்" என்றார் தெசாங்கா.

மிலுட்டின் சிரித்தார். "கித்தார்லயா? கோலோவையா?"

"பதினெட்டு வருஷம் அவன் பக்கத்துல நின்னிருக்கேன். ஒவ்வொரு மெட்டும் எனக்கு விரல்ல இருக்கு. அவன் எங்க தப்பு விடுவான்ங்கிறதும் இருக்கு."

கோலோ இல்லாமல் எங்கள் கல்யாணம் கிடையாது. கைகோத்து வளையமாக ஆடுவார்கள், இசை பிடிக்கவில்லை என்றால் கையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மிலுட்டின் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் கோலோ தெசாங்காவுக்கு. வளையம் உடைந்தால் கீபோர்டு ஏறும், தெசாங்கா பின்வரிசைக்குப் போவார், பிறகு இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. தெசாங்கா சம்மதித்தார். சம்மதித்த கையோடு, தனக்குப் பொருத்தமான பிக்கப்பைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்றும் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போனோம். வாத்தியங்களெல்லாம் மிலுட்டினின் கராஜில்தான் இருக்கும். தெசாங்கா கித்தாரை மாட்டிக்கொண்டு பழக்கத்தில் ஒரு கோர்டு அடித்தார், நின்றார். பிரிட்ஜ் பக்கம் புதிதாக ஒரு பிக்கப் மாட்டியிருந்தது. சுவிட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்களும் சேர்ந்து ஒலிக்கும்படி மறுபடி அடித்தார். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒல்லியான ஒரு சத்தம்.

"யாரு இதைத் தொட்டது?"

மிலுட்டின் பெருமையாகச் சிரித்தார். "உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு வாங்கிப் போட்டேன். நம்ம டிவி மெக்கானிக்தான் மாட்டினான்."

"ஒயரை மாத்திப் பத்தவச்சிருக்கான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு இருக்கு." அவர் சுவிட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளி அடித்தார். மந்தமாக, போர்வைக்கு அடியிலிருந்து வந்தது. "இது என்ன?"

"மென்மையான சத்தம் தேஸா. நீ முன்னாடி நின்னு கிறீச்கிறீச்னு வாசிச்சா பொண்ணோட அம்மாவுக்குத் தலைவலி வந்துடும். உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!"

தெசாங்கா கித்தாரைக் கழற்றி மடியில் போட்டார். பையிலிருந்து பல்வேலைக்கான பூதக்கண்ணாடியை எடுத்து நெற்றியில் மாட்டினார். இரண்டு திருகாணி, இரண்டு ஒயர். ஐந்து நிமிடத்தில் அந்தப் பிக்கப் வெளியே வந்தது. அதைக் கொண்டுபோய் மிலுட்டினின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ தூங்கும்போது உன் வாயைத் திறந்து, எனக்குப் பிடிச்ச பல்லை நான் மாட்டிவிட்டா எப்படி இருக்கும்?"

மிலுட்டின் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயிலிருந்த மேல்வரிசை தெசாங்கா செய்தது.

மிலுட்டின் செய்தது திருட்டு என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஒருவருடைய பொருளை எடுத்தால் திருட்டு என்கிறோம். ஒருவருடைய குரலை, அவர் முதன்முதலாகப் பேசப் போகும் நேரத்தில், பின்பக்கமாக வந்து தணித்துவைத்துவிட்டு நன்றியும் எதிர்பார்த்தால் அதற்கு என்ன பெயர்?

சனிக்கிழமை காலை நீஷ் நகரத்துக்குக் காரில் போனோம். கடைக்காரர் தெசாங்காவைப் பார்த்ததும், "வாங்கம்மா, பையனுக்கா?" என்றார்.

"எனக்கு."

"ஓ!" என்றவர் என் பக்கம் திரும்பி, அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல விளக்க ஆரம்பித்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கருப்பாக ஒன்றை எடுத்தார். "பதினாறு கிலோ ஓம். இதுக்கு மேல பலமானது இல்ல. நம்ம ஆளுங்க எல்லாரும் நம்பர் பார்த்துதான் வாங்குவாங்க."

"நம்பர் கம்பியோட தடையைச் சொல்லுது. சத்தத்தைச் சொல்லல" என்றார் தெசாங்கா. "கம்பியை இன்னும் மெல்லிசாக்கினாலே நம்பர் ஏறிடும். சுத்து கூடக்கூட மேல்சுரம் செத்துடும். பல்லை எடை போட்டா வாங்குவீங்க?"

சுவரில் வெவ்வேறு பிக்கப் பொருத்திய கித்தார்கள் தொங்கின. வாசித்துப் பார்க்க வேண்டும் என்றார். கடைக்காரர் அரைமனதோடு ஒன்றை இறக்கி, கதவைச் சாத்தி, கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். தெசாங்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"பாட்டைப் போடுங்க. நல்லா சத்தமா. அந்த வாக்குவம் கிளீனரையும் போடுங்க."

"எதுக்கும்மா? அமைதியா இருந்தாத்தானே கேக்கும்?"

"கல்யாணத்துல எவன் வாயை மூடிக்கிட்டுக் கேக்குறான்?" என்னிடம் திரும்பினார். "நீ இவர்கூட சண்டை போடு."

"எதுக்கு சித்தி?"

"எதுக்காவது. வாசல்ல கார் நிறுத்த விடலன்னு போடு."

போட்டேன். எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் 'பையனுக்கா' என்று கேட்டதிலிருந்தே அதற்குத்தான் காத்திருந்தேன். அவரும் உண்மையாகவே கோபித்துக்கொண்டு கத்தினார். வாக்குவம் கிளீனர் ஊளையிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில், முதுகைக் காட்டி நின்றபடி, தெசாங்கா மூன்று கித்தார்களில் ஒரே கோலோவின் முதல் எட்டு அடியை மாற்றி மாற்றி வாசித்தார்.

பதினாறு கிலோ ஓம் எங்கள் சண்டைக்குள் காணாமல் போனது. "கம்பளிக்குள்ள வாயை வச்சுப் பேசுது" என்று வைத்துவிட்டார். இரண்டாவது காதைக் குத்தியது. "இது பேசல, கத்துது." மூன்றாவதை வாசித்தபோது கடைக்காரர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் மூக்கால் பேசியது. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து விழுந்தது.

"இதுதான்."

"அது வெறும் ஏழு கிலோ ஓம் அம்மா. இருக்கிறதுலயே பலவீனமானது."

"நீங்க ஏன் சண்டையை நிறுத்தினீங்க?"

கடைக்காரர் அந்தக் கித்தாரை வாங்கிச் சுவரில் மாட்டினார். உள்ளே போய் ஓர் இழுப்பறையைக் குடைந்து, அதே பிக்கப் இருந்த, தூசி படிந்த ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார்.

கித்தாரையும் ஆம்ப்ளிஃபையரையும் கராஜிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அதை இணைத்து, மேலே நகத்தால் தட்டினார் தெசாங்கா. அந்தத் தட்டலும் ஸ்பீக்கரில் கேட்டது. சுற்றுகள் தளர்ந்திருக்கின்றன, பந்தலின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன் நின்றால் கம்பிகளே அதிர்ந்து ஊளையிடும் என்றார். பல்அச்சுக்கான மெழுகை வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, தொட்டியின் வெப்ப முள்ளை அறுபத்தைந்து டிகிரியில் நிறுத்தினார். "இதுக்கு மேல போனா பிளாஸ்டிக் வளைஞ்சுடும். உள்ளூர்ப் பசங்க அடுப்புல வச்சு, கோயில் மெழுகுவர்த்தியை ஊத்தி, எத்தனை பிக்கப்பைக் கொன்னிருக்காங்க தெரியுமா? புண்ணியம் சேருதுன்னு நெனப்பு." பிக்கப்பை நூலில் கட்டி மெழுகுக்குள் இறக்கினார். சுற்றுகளுக்கிடையே அடைபட்டிருந்த காற்று பொடிப்பொடிக் குமிழாக மேலே வந்தது. கடைசிக் குமிழி வரும்வரை இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எடுத்துத் துடைத்து மறுபடி தட்டினார். ஸ்பீக்கர் பேசவில்லை.

கல்யாணப் பந்தலில் இருநூற்றைம்பது பேர். வறுத்த ஆட்டின் புகை, சிகரெட் புகை, தட்டுச் சத்தம். கீபோர்டு மேடையின் ஓரத்தில் துணி போர்த்தித் தயாராக நின்றது. மிலுட்டின் கண்ணைக் காட்டினார். தெசாங்கா சுவிட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளினார்.

முதல் எட்டு அடிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் மேடையில் அக்கார்டியனைத் தேடினார்கள். இரண்டாவது எட்டு. மிலுட்டின் துணியின் நுனியைப் பிடித்தார். மாப்பிள்ளைத் தோழர், எங்கள் வழக்கப்படி கோலோவைத் தொடங்கி வைக்க வேண்டியவர், ரக்கியா என்ற பழச் சாராய பாட்டிலோடு நடுவில் வாயைப் பிளந்து நின்றார். தெசாங்கா அவரையே பார்த்தபடி, ஸ்ரெத்தென் எப்போதும் அவசரமாக விழுங்கிவிடும் அந்தத் திருப்பத்தை முழுசாக, ஒரு சுரமும் விடாமல் வாசித்தார். தோழர் பாட்டிலை மேசையில் வைத்தார். கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார்.

வளையம் பந்தலை நிறைத்து வெளியே புல்லுக்குப் போய், மறுபக்கமாக உள்ளே வந்தது. இருபது நிமிடம் உடையவில்லை. மிலுட்டின் இரண்டு தடவை முடிக்கச் சொல்லிக் கை காட்டினார். தெசாங்கா பார்த்தார். முடிக்கவில்லை.

இறங்கியதும் மிலுட்டின் சொன்னது ஒரே வார்த்தை: "பரவாயில்ல." குழுவில் வேறு யாரும் அதுகூடச் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். தெசாங்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தோழரோட முன்பல்லு ரெண்டும் சொந்தப் பல்லு" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

குளிர்காலம் முழுக்க அவரே முன்னால் நின்று வாசித்தார். கீபோர்டு ஏறவே இல்லை. பிப்ரவரி கடைசியில், கராஜில் ஒத்திகைக்கு நடுவே, லின்ஸிலிருந்து மிலுட்டினின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஸ்ரெத்தென். மிலுட்டின் உரக்கப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரலை விழுங்கினார். தெசாங்கா கையை நீட்டி போனை வாங்கினார். தோள் வழியாக நானும் படித்தேன்.

"அக்டோபர் கல்யாண வீடியோ இப்பத்தான் பார்த்தேன். ஆடுறவங்க காலு மட்டும்தான் தெரியுது. கித்தார் வாசிக்கிறவன் யாரு? நீஷ்காரனா? என் மெட்டை என்னைவிட நல்லா வாசிக்கிறான். அவனை விட்டுடாதே. ஆனா தேஸாவையும் நிறுத்திடாதே, பாவம். பின்னாடி கோர்டு போட்டுக்கிட்டு இருக்கட்டும்."

"என்ன பதில் போடட்டும்?" என்று மிலுட்டின் தரையைப் பார்த்துக் கேட்டார்.

தெசாங்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். குனிந்து, ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழை நாலிலிருந்து ஐந்துக்குத் திருகினார்.