செவில்யாவில் அழுத மச்சாள்

போன ஞாயிற்றுக்கிழமை பாசலில், மச்சாள் வீட்டில், வக்யூம் கிளீனர் போட்டோம்.

ஆம், ஞாயிற்றுக்கிழமை! சுவிஸில் இருக்கும் வாசகர்கள் இந்த இடத்தில் நெஞ்சில் கை வைத்திருப்பார்கள். மற்ற நாட்டுக்காரருக்காகச் சொல்கிறேன் — இங்கே ஞாயிறு என்பது ஓய்வு நாள் மட்டுமல்ல, சத்தம் போடக்கூடாத நாள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தெருப் பெட்டிக்குள் போடக்கூடாது. வக்யூம் கிளீனர்... அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வீடு ஒன்றும் அழுக்காக இருக்கவில்லை. மச்சாளின் வீட்டில் தூசி தேடினாலும் கிடைக்காது. பிறகு ஏன் போட்டோம்? அதைச் சொல்வதற்கு முதலில் ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டும். பிறகு ஸ்பெயினுக்கு.

என் அண்ணை இந்த வருடத் தொடக்கத்தில் போய்விட்டார். காலையில் வேலைக்குப் போக ட்ராமுக்குக் காத்து நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ட்ராம் நேரத்துக்கு வந்தது. அண்ணை ஏறவில்லை. இந்தப் பத்தியில் அவரைப் பலமுறை பகிடி பண்ணி எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு, ‘நல்லா வாங்கிக் கட்டினன்’ என்று போன் எடுத்துச் சிரிப்பார். மச்சாள் என்று நான் சொல்வது அவருடைய மனைவியை.

செத்தவீடு தகன மண்டபத்தில். மண்டபம் எங்களுக்குக் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு மட்டும்தான். அடுத்த குடும்பம் கறுப்பு உடுப்போடு, ஒரு சத்தமும் இல்லாமல், வாசலில் நின்றது. கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று சொந்தக்காரர் எல்லோரும் பார்க்க வேண்டுமே... அதனால் லைவ் வேறு போய்க்கொண்டிருந்தது. ஐயர் தேவாரம் தொடங்கினார். மச்சாள் பெட்டியில் தலையைச் சாய்த்து, ‘என்ர ராசா...’ என்று குரலெடுத்தார்.

ஒரு நிமிடம் இருக்குமா? கமெராப் பொடியன் குனிந்து குனிந்து வந்தான்.

“அக்கா, லைவ் போகுது. ஐயர் சொல்லுறது ஒண்டும் கேக்குதில்லையாம் எண்டு கனடாவில இருந்து மெசேஜ் வருது. கொஞ்சம் மெதுவா அழுங்கோ.”

மகள் ஆரணி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு வேலை செய்யும் சுவிஸ்காரர்கள் பூங்கொத்துகளோடு நின்றார்கள். அம்மாவின் தோளை மெல்லப் பிடித்து, “அம்மா, பிளீஸ்...” என்றாள்.

மச்சாள் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை.

யாரைக் குறை சொல்ல? பொடியன் தன் வேலையைச் செய்தான். ஆரணி இங்கே பிறந்து வளர்ந்தவள். துக்கம் என்றால் கண்ணோரத்தில் ஒரு டிஷ்யூவை ஒற்றி எடுப்பது என்றுதான் அவள் பார்த்திருக்கிறாள். அவளும் அப்பாவை இழந்தவள்தானே.

மச்சாள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார். ஒரு மருந்துக் கம்பனியின் கண்டீனில் சமையல். பேச்சுக் குறைந்தது. சாப்பாடு குறைந்தது. தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். டொக்டர் தொண்டையைப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார். நித்திரைக்குக் குளிசை கொடுத்தார். மருந்து செய்கிற ஊர் அல்லவா, குளிசைக்கா பஞ்சம்? குளிசை போட்டால் படுப்பார். எழும்பினால் அதே அடைப்பு. உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. அண்ணைக்குப் பின்னால் இவரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஆரணிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். “மாமி, அம்மாவுக்கு ஃபெரியன் வேணும். நீங்களும் வாங்கோ. செவில்யாவுக்குப் போவம்.” ஃபெரியன் என்றால் விடுமுறை; செவில்யா ஸ்பெயினில் இருக்கிற ஊர். சுவிஸ்காரருக்குத் தீராத வருத்தம் எதுவானாலும் மருந்து அதுதான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ‘புருஷன் செத்து ஆட்டைத் திவசம் முடியேல்ல, அதுக்குள்ள ஸ்பெயினோ?’ என்று கேட்டவர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவர்களும் இந்தப் பத்தியின் வாசகர்கள்.

செவில்யாவில் மூன்று பேரும் வெயிலில் நடந்தோம். தெருவெல்லாம் ஆரஞ்சு மரங்கள், எங்கள் தோடம்பழம்தான். மச்சாள் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆரணி அந்த ஊர் ஆட்டமும் பாட்டுமான ஃபிளமெங்கோவுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். நான் பெரிய தியேட்டர் என்று நினைத்து நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். போனால்... ஒரு ஒழுங்கைக்குள் பழைய வீடு. முற்றத்தில் மரக் கதிரைகள், எண்ணினால் ஒரு வகுப்பறைக்குப் போதாது. பலகையால் ஒரு சின்ன மேடை. மைக் இல்லை. புகை விடுகிற மெஷின் இல்லை. பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, ‘இரண்டு வார்த்தை பேசுவதற்காக’ யாரும் அழைக்கப்படவில்லை. எங்கள் அரங்கேற்றங்களில் இருந்து பழகிய எனக்கு, நிகழ்ச்சி உண்மையாகவே நடக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்காரப் பெண்மணி முன்னால் வந்து ஆங்கிலத்தில் சில விதிகள் சொன்னார். ஆரணி எங்களுக்குச் சொன்னாள்.

“படம் எடுக்கக் கூடாதாம். தாளம் தெரியாட்டிக் கை தட்டக் கூடாதாம். ஆனா மனசில பட்டா, அந்த இடத்திலயே வாய்விட்டுச் சொல்லலாமாம்.”

“என்னத்தைச் சொல்லுறது?” என்று மச்சாள் கேட்டார்.

“ஓலே எண்டு சொல்லுவினமாம். என்னவும் சொல்லலாமாம் அம்மா. அவைக்கு அதுதான் விருப்பமாம்.”

ஒரு கிட்டார்க்காரர். கை தட்டித் தாளம் போட ஒரு பெண். ஆடுவதற்கு இன்னொரு பெண். பாடகர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, வயிறு வைத்த மனிதர். நான் இருக்கும் ஊஸ்டரில் தமிழ்க் கடை வைத்திருக்கும் முதலாளியைக் கூட்டிவந்து கறுப்புச் சேட்டுப் போட்டு இருத்திய மாதிரி இருந்தார். முதலில் ஆட்டம். பலகை அதிர்ந்த அதிர்வு எங்கள் கதிரைக் கால்களில் ஏறியது. முன்வரிசையில் இருந்த கிழவர் அவ்வப்போது ‘ஓலே’ என்றார். மச்சாள் கைப்பையை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆடுகிறவர் போய் ஓரமாக இருந்துவிட்டார். பாடகர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். சொல் இல்லை. வெறும் ‘ஆ...ய்’. அது நீண்டு, உடைந்து, உடைந்த இடத்தில் இருந்து மறுபடி எழும்பியது. அவருக்கும் எங்களுக்கும் நடுவே எட்டினால் தொடுகிற தூரம்தான். கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கத்தான் வேண்டுமா? செத்தவீட்டுக் குரல் எந்தப் பாஷையில் என்றாலும் செத்தவீட்டுக் குரல்தான்.

என் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது.

“என்ர ராசா... ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டியளே...”

ஆரணி ‘அம்மா!’ என்று கையைப் பிடித்தாள். இந்த நிமிடமே யாராவது வந்து எங்களை எழுப்பி வெளியே விடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முன்வரிசைக் கிழவர் திரும்பவே இல்லை. தலையை மட்டும் ஆட்டி, மிக மெதுவாக, “ஓலே...” என்றார்.

அவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்! பாடகர் கண்ணைத் திறந்தார். மச்சாளைப் பார்த்தார். கதிரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பி, அடுத்த அடியை மச்சாளுக்கே பாடினார். மச்சாள் விடவில்லை. “வேலையால வந்து சாப்பிடுறன் எண்டியளே... சோறு ஆறிப் போச்சே...” என்று நெஞ்சில் அடித்தார். அவர் பாடினார். இவர் அழுதார். கிட்டார்க்காரர் இவர் முடிக்கும் வரை விரலை நிறுத்திப் பிறகு தொடர்ந்தார். அந்த முற்றத்தில் ஒருவர்கூட ‘மெதுவாக’ என்று சொல்லவில்லை. நான் என் அண்ணைக்காக அங்கேதான் அழுதேன். ஆரணி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் பாடகர் இறங்கி வந்து, நெஞ்சில் கை வைத்து ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொன்னார்: “அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்ல தம்பி. காலமை நல்லாத்தான் போனவர்.” பாடகர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த இரவு மச்சாள் குளிசை போடவில்லை. காலையில் இரண்டு முட்டையும் பாணும் சாப்பிட்டார். தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இறங்கியிருக்கு” என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் ஆரணியும் ஆளுக்காள் பார்த்துச் சிரித்தோம். எவ்வளவு மடைத்தனம்! பாசலில் விமானம் இறங்கியதுமே மச்சாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, முகத்தையும் சரிசெய்துகொண்டார். ஒரு வாரத்தில் அடைப்புத் திரும்பி வந்துவிட்டது.

போன ஞாயிறு காலை மச்சாளிடம் இருந்து போன் வந்தது. அவருக்கும் நான் மச்சாள்தான். “மச்சாள், ஒருக்கா வாரும். ஆரணி வெளியில போயிட்டாள். எனக்கு அழோணும் போல கிடக்கு. தனிய ஏலாது.”

ஊஸ்டரில் இருந்து ரயில் ஏறிப் போனேன். இரண்டு பேரும் தேத்தண்ணியோடு இருந்து யோசித்தோம் — எங்கே அழுவது? சிரிக்காதீர்கள். நீங்களும் யோசித்துப் பாருங்கள். ரைன் கரைக்குப் போகலாமா? வெயிலுக்கு ஊரே அங்கேதான் இருக்கும். காட்டுக்குள் போகலாமா? நாயோடு நடக்கிறவர்கள் நிமிடத்துக்கு ஒருவர் வணக்கம் சொல்வார்கள். அழுகையை நிறுத்தி நிறுத்தி வணக்கம் சொல்ல முடியுமா?

“திரிம்பாக் கோயிலுக்குப் போவமோ?” என்று கேட்டேன்.

“கோயிலில அழுதா நாலு பேர் வந்து என்ன பிரச்சினை எண்டு கேப்பினம். பிறகு நாற்பது வீட்டில கதைப்பினம்.”

“அப்ப கீழ பங்கருக்குள்ள போவம். கதவைச் சாத்தினா ஒரு சத்தமும் வெளியில வராது.”

இங்கே பல மாடிவீடுகளுக்குக் கீழே யுத்தம் வந்தால் ஒளிவதற்கு ஒரு பங்கர் உண்டு. பனிச்சறுக்குப் பலகையும் பழைய சூட்கேஸும் வைக்கிற இடம். மச்சாள் என்னைப் பார்த்தார்.

“ஊரில பங்கருக்குள்ள இருந்து ஒருக்கா அழுதது காணும் மச்சாள். இனி ஏலாது.”

ஊரில் ஷெல் விழும்போது ஒளிந்த பங்கரை நான் மறந்துவிட்டேன். சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். எங்களுக்கு அமைதி வேண்டும் என்று இந்த நாட்டிடம் கேட்டோம். கொடுத்தார்கள், கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்கள். அந்த அமைதிக்குள் ஒரு மனுஷி புருஷனுக்காக அழ இடமில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் ஜன்னல்களைச் சாத்தி, வக்யூம் கிளீனரைப் போட்டு, அந்த இரைச்சலுக்குள் அழுவது என்று முடிவு செய்தோம். என்ன நாள் என்பது இரண்டு பேருக்கும் மறந்து போயிற்று. மெஷின் உறுமியது. மச்சாள் சோபாவில் இருந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ‘என்ர...’ என்று தொடங்கினார்.

மணி அடித்தது.

மேல் வீட்டுச் சுவிஸ் அம்மா. கோபமாக வரவில்லை, அதுதான் கொடுமை. இன்று ஞாயிறு என்று கூச்சத்தோடு நினைவூட்டினார். பிறகு மச்சாளின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “ஏதாவது பிரச்சினையா? உங்களுக்கு ஒன்றும் இல்லையே?” என்று ஜெர்மனில் கேட்டார். உண்மையான அக்கறைதான். கதவு திறந்திருந்தது. கேட்பதற்கு ஓர் ஆளும் நின்றார்.

மச்சாள் சிரித்தார். “ஆலெஸ் குவெட்” என்றார். எல்லாம் நல்லம்! பின்னால் நின்ற நானும் தலையாட்டினேன்.

கதவைச் சாத்திவிட்டு மச்சாள் வக்யூம் கிளீனரின் வயரைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். தொண்டையைத் தடவிக்கொண்டார். “ஆரணி வரப் போறாள், சோறு போடுவம்” என்று குசினிக்குள் போனார்.

இத்தனை வருடத்தில், இந்த நாட்டு மொழியில் நாங்கள் தடுமாறாமல் சொல்லப் பழகியது அந்த ‘ஆலெஸ் குவெட்’ ஒன்றைத்தான்.