சாருக்குப் போட்ட சரவெடி

என் கணவர் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற மாதத்தில், அவரிடம் படித்த ஒருவர் வந்து, ஒரு சுற்று மேலே கூட்டிப் போகிறேன் சார் என்றார். அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். விமானம் ஓட்டப் பழகி, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வாங்கி, தன் கரிசல் காட்டில் புல் வளர்த்து ஓடுபாதையும் போட்டிருந்தார். பள்ளியில் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவர் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ரயிலில் ஜன்னல் சீட்டைக்கூட அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். இதற்கு மட்டும், போய்விட்டு வரட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் நர்ஸ். விழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் முதலுதவிப் பையோடு நானும் கிளம்பினேன்.

முந்தின நாள் மழையில் புல் ஈரமாக இருந்தது. பாதையின் தொடக்கத்தில் கம்பெனி போர்மேன் ஒரு பத்தாயிரம் வாலாச் சரத்தை விரித்து வைத்திருந்தார். விமானம் மேலே ஏறிய பிறகுதான் கொளுத்த வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஆனால் எங்கள் பக்கம் சப்பரமானாலும் கல்யாணக் காரானாலும் சக்கரம் நகரும்போதே வெடி போட்டாக வேண்டும். இவரை ஏற்றிக்கொண்டு விமானம் நகர்ந்ததும் போர்மேனுக்குக் கை பரபரத்தது.

"சிஸ்டர், வண்டி நகந்திருச்சே. பத்த வச்சிருவமா?"

எனக்கும் அதுதான் முறையாகப் பட்டது. தலையாட்டினேன்.

படபடவென்று சத்தம் கேட்டதும், இன்ஜின்தான் வெடிக்கிறது என்று நினைத்து முதலாளி வேகத்தைக் குறைத்து பிரேக் போட்டிருக்கிறார். ஈரப் புல்லில் சக்கரம் நிற்கவில்லை. பாதையைத் தாண்டி மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்து, முன்சக்கரம் ஒடிந்து, மூக்கு மண்ணில் குத்தி நின்றது விமானம்.

போர்மேன் சரத்தைப் பாதியில் அறுத்துப் போட்டார். வேலையாட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எங்கே என்ன ஆனாலும் உடனே நெருங்கக் கூடாது என்பது வெடி செய்கிறவர்களின் பழக்கம். நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன். ஆண்டவரே, நான் தலையாட்டியதற்கு அவரை எடுத்துக்கொள்ளாதேயும் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

புருவத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டி வந்து, தள்ளி ஒரு வரப்பில் உட்கார வைத்தோம். பஞ்சை வைத்து அழுத்தினேன். விமானம் கிளம்பும்போது பயத்தில் மூடிய கண்களை இவர் இன்னும் திறக்கவில்லை.

"மேல போயிட்டு வந்துட்டமா?" என்றார்.

எத்தனையோ நோயாளிகளிடம் கூசாமல் பொய் சொன்ன வாய் இது. அன்று வரவில்லை. ஒரு சாண்கூட எழும்பவில்லை, வெடி போடச் சொல்லி நான்தான் கெடுத்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

கண்ணைத் திறந்தார்.

"எனக்கா வெடி போட்டாக?"

ஊர் ஊருக்கு வெடி அனுப்புகிற சீமை இது. இவருக்கென்று யாரும் ஒரு திரியைக் கிள்ளியதில்லை. எங்கள் கல்யாணத்தில்கூட, காசு கரியாகும் என்று மாமனார் தடுத்துவிட்டார். எத்தனை வாலா என்று விசாரித்தார். சொன்னேன். முழுசாக வெடித்ததா என்றார். பாதியில் அறுத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப மிச்சத்தப் போடச் சொல்லு."

பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று போர்மேன் மிச்சச் சரத்தை ரோட்டுக்குத் தூக்கிப் போனார். இவர் என் தோளைப் பிடித்து எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கடைசி வெடி வரைக்கும் நின்று கேட்டார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.